ஸ்லோ குக்கரில் பார்பிக்யூ பன்றி விலாக்கறி: மென்மையும் வேண்டும், மேற்புற முறுகலும் வேண்டும்

விறகுப் புகையில் பல மணி நேரம் வாட்டியெடுக்கும் பன்றி விலாக்கறியை அப்படியே ஸ்லோ குக்கருக்குள், அதாவது குறைந்த சூட்டில் பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் மின்பானைக்குள், செய்துவிடலாம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஸ்லோ குக்கரால் தரக்கூடியது மென்மை ஒன்றுதான். புகைமணம், மேற்புறத்தில் படியும் கருஞ்சிவப்பு முறுகல், பளபளக்கும் சாஸ் பூச்சு ஆகிய மூன்றும் நீராவி நிறைந்த ஒரு மூடிய பானைக்குள் உருவாக வழியே இல்லை. ஆகவே மென்மையைக் குக்கரின் பொறுப்பில் விட்டுவிட்டு, மற்றவற்றைச் சமையலுக்கு முன்பும் பின்பும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். இது புரியாமல், முதல் முறை செய்தபோது எல்லாவற்றையும் பானையில் ஒன்றாகப் போட்டு, இறைச்சி மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் ஊற்றி, எட்டு மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் கிடைத்தது, இனிப்பும் புளிப்பும் கலந்த நீரில் மிதந்த வெளிறிய இறைச்சியும், பானையின் அடியில் தனியே கிடந்த எலும்புகளும்தான்.

முதலில் எந்த விலாவை வாங்குவது என்பதைப் பார்த்துவிடலாம். எலும்புகள் வரிசையாக இணைந்திருக்கும் முழுத் துண்டாகவே விலா பெரும்பாலும் விற்கப்படுகிறது. முதுகெலும்பை ஒட்டிய மேற்பகுதியிலிருந்து வெட்டப்படுவது ‘பேபி பேக்’ எனப்படும். பெயரைப் பார்த்துக் குட்டிப் பன்றியின் விலா என்று எண்ண வேண்டியதில்லை. எலும்புகள் குட்டையாகவும் வளைந்தும் இருப்பதால் வந்த பெயர் அது. ஒரு வரிசையில் 10 முதல் 13 எலும்புகள் வரை இருக்கும். எடை பெரும்பாலும் 700 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் இடையில் அமையும். வயிற்றுப் பக்கமிருந்து வருவது ‘ஸ்பேர் ரிப்ஸ்’. இது அகலமானது, தட்டையானது, கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக உள்ளது. இதன் ஓரத்திலுள்ள குருத்தெலும்புப் பகுதியை நீக்கி நீள்சதுரமாகச் செதுக்கினால் அதற்குச் ‘செயின்ட் லூயிஸ்’ வெட்டு என்று பெயர். பலரும் பேபி பேக்கையே நாடினாலும், ஸ்லோ குக்கருக்குச் செயின்ட் லூயிஸ் வெட்டே பொருத்தமானது என்பது என் கருத்து. கொழுப்பு அதிகமுள்ள இறைச்சி, நேரம் அரை மணி முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். பேபி பேக் அந்த அளவுக்குப் பொறுக்காது. உப்புநீர் ஏற்றப்பட்டதாக உறையில் குறிப்பிட்டிருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் மசாலாவின் உப்பும் சாஸின் உப்பும் அதனுடன் சேர்ந்து சுவையைக் கெடுத்துவிடும்.

விலா இறைச்சி ஏன் நீண்ட நேரம் வேக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பின்வரும் படிகள் எல்லாம் எளிதில் விளங்கும். பன்றி இறைச்சியின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸை எட்டி, பிறகு மூன்று நிமிடம் ஆறினால் அது உண்பதற்குப் பாதுகாப்பானது. ஆனால் அந்த வெப்பத்தில் எடுத்த விலாவை மென்று விழுங்குவது பெரும்பாடு. எலும்புகளுக்கு இடையே உள்ள தசையைக் கொலாஜன் என்னும் உறுதியான புரதம் கட்டிப்பிடித்திருக்கிறது. அது 70 டிகிரியைத் தாண்டிய பின்னரே குறிப்பிடத்தக்க வேகத்தில் கரைந்து ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. உட்புறம் 90 முதல் 95 டிகிரி வரை ஏறி, அங்கே சிறிது நேரம் நிலைத்தால்தான் இறைச்சி வாயில் வழுவழுப்பாக இளகும். ஸ்லோ குக்கர் இதற்கென்றே பிறந்தது போன்ற கருவி. இத்தகைய கருவிக்கு இர்விங் நாக்சன் என்பவர் 1940-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அது தொடக்கத்தில் பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரமாகவே அறியப்பட்டது. விடாப்பிடியான பொருளை அவசரமில்லாமல் இளக்குவதே அன்றும் அதன் வேலை.

இனிச் சவ்வு. விலாவின் எலும்புப் பக்கத்தில், வெண்மையாகவும் சற்றுப் பளபளப்பாகவும் ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அது மென்மையாகாது. மசாலாவை உள்ளே விடாது. பல்லில் காகிதம்போல் சிக்கும். கூர்மையற்ற கத்தியின் முனையையோ கரண்டியின் காம்பையோ ஓரத்து எலும்பின்மீது சவ்வுக்கு அடியில் செலுத்தி, மெதுவாக நெம்பித் தூக்குங்கள். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்ததும், வழுக்காமல் இருக்கக் காகிதத் துண்டால் அதைப் பற்றிக்கொண்டு ஒரே சீராக இழுத்தால் பெரும்பாலும் முழுதாக உரிந்து வந்துவிடும். நடுவில் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். இரண்டு நிமிட வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு வருந்துபவர்களே அதிகம்.

மசாலாவுக்கு வருவோம். ஏறத்தாழ 1½ கிலோ விலாவுக்கு மூன்று மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி), இரண்டு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி ஒவ்வொன்றும் இரண்டு தேக்கரண்டி, கடுகுப் பொடி ஒரு தேக்கரண்டி, காரத்துக்கு அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். இவற்றுள் மாற்றக்கூடாதது புகையூட்டிய பாப்ரிகா ஒன்றே, ஏனெனில் புகையே இல்லாத இந்தச் சமையலில் புகைமணத்தை ஓரளவுக்கேனும் கொண்டுவருவது அதுதான். இறைச்சியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு இரு பக்கமும் மசாலாவைத் தூவி, தேய்க்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பதிக்க வேண்டும். முந்தைய இரவே பூசிக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் உப்பு உள்ளே இறங்கும். நேரமில்லையென்றால் உடனே சமைத்தாலும் குற்றமில்லை. உறைந்த விலாவை மட்டும் நேரடியாகக் குக்கரில் வைக்கக் கூடாது. பானை மெதுவாகச் சூடேறுவதால், கிருமிகள் பெருகக்கூடிய 4 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் அது நெடுநேரம் தங்கிவிடும். முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுமையாக உறைநீக்கிக்கொள்ள வேண்டும்.

பானைக்குள் விலாவை அடுக்கும் முறையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வரிசையை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால், அடியிலுள்ளது சாற்றில் மூழ்கிக் குழைந்துவிடும். மேலேயுள்ளது விறைப்பாகவே நிற்கும். மாறாக, விலாவை நிமிர்த்தி நிறுத்தி, பானையின் உட்சுவரை ஒட்டி வளைத்து வைக்க வேண்டும். சதைப்பகுதி சுவரை நோக்கியும் எலும்புப் பக்கம் நடுவை நோக்கியும் இருக்கட்டும், ஏனெனில் பெரும்பாலான குக்கர்களில் சூடு சுவர்களின் வழியாகவே வருகிறது. வரிசை நீளமாக இருந்தால் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். இரண்டாவது வரிசை இருந்தால் முதலாவதற்கு உட்புறமாகச் சுருட்டி வைக்கலாம். அடியில் இரண்டு வெங்காயங்களைத் தடித்த வட்டங்களாக நறுக்கிப் பரப்பினால் இறைச்சி சாற்றில் உட்காராமல் சற்று உயர்ந்து நிற்கும்.

திரவம் எவ்வளவு? அரைக் கோப்பை, அதாவது 120 மில்லி, போதும். ஆப்பிள் சாறோ, ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீரோ எதுவாகவும் இருக்கலாம். மூடிய பானையிலிருந்து நீர் ஏறத்தாழ வெளியேறுவதே இல்லை. இறைச்சியும் வெங்காயமும் வேக வேகத் தங்கள் சாற்றை விட்டுக்கொண்டே இருக்கும். சமையல் முடிந்து திறந்தால் நீங்கள் ஊற்றியதைவிடப் பல மடங்கு சாறு அடியில் நிற்பதைக் காண்பீர்கள். திரவத்தைக் கூட்டுவது வறட்சியைத் தடுக்கும் என்று எண்ணுவது தவறு. அது மசாலாவைக் கழுவிவிடுவதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. சாஸையும் இந்தக் கட்டத்தில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை பானையின் சுவரில் பிடித்துக் கருகும், மீதி சாற்றில் கரைந்து நீர்த்துப்போகும். தொடக்கத்திலேயே ஒரு புட்டி சாஸை முழுதாகக் கொட்டச் சொல்லும் செய்முறைகள் ஏராளமாக உலவுகின்றன. அவற்றில் எதுவும் எனக்கு நல்ல பலன் தந்ததில்லை.

குறைந்த சூட்டில் பேபி பேக்குக்கு 5 முதல் 6 மணி நேரமும், செயின்ட் லூயிஸ் வெட்டுக்கு 6 முதல் 8 மணி நேரமும் ஆகும். அதிக சூட்டில் வைத்தால் 3 முதல் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். பல குக்கர்களில் இவ்விரு நிலைகளும் இறுதியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஏறத்தாழ ஒரே வெப்பத்தையே அடைகின்றன. அங்கே எவ்வளவு விரைவாகச் சென்று சேர்கின்றன என்பதே வேறுபாடு. இருப்பினும் நேரம் இருக்கும் நாளில் குறைந்த சூட்டையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பக்குவம் மெதுவாக வரும்போது அதைத் தவறவிடாமல் பிடிப்பது எளிது. மூடியை இடையில் திறக்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்திருந்த ஆவி வெளியேறி, மொத்த நேரம் இருபது முப்பது நிமிடம் கூடிவிடும்.

குறைந்தபட்ச நேரம் முடிந்ததும் முதல் சோதனையைச் செய்து பார்க்கலாம். எலும்பு நுனிகளில் சதை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்கி, எலும்பு வெளியே தெரிய வேண்டும். இரண்டு எலும்புகளுக்கு நடுவே பல்குத்தும் குச்சியைச் செருகினால் தடையின்றி இறங்க வேண்டும். ஓர் எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினால் அது சற்று அசைய வேண்டும். கையோடு கழன்று வந்துவிடக் கூடாது. எலும்பிலிருந்து தானாக உதிரும் விலாதான் சிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், பார்பிக்யூ போட்டிகளில் அதை மிகையாக வெந்ததாகவே கருதுகிறார்கள். கடித்த இடத்தில் மட்டும் சதை சுத்தமாகப் பிரிந்து, பக்கத்துச் சதை எலும்பிலேயே நிற்பதுதான் அவர்கள் கொண்டாடும் பக்குவம். உங்கள் வீட்டார் உதிர்வதையே விரும்பினால் இன்னும் ஒரு மணி நேரம் விடுவதில் தடையில்லை. ஆனால் அப்போது அடுத்த கட்டத்தில் வரிசையை முழுதாக வெளியே எடுப்பது கடினமாகிவிடும்.

விலா வெந்துகொண்டிருக்கும்போதே சாஸைத் தயாரித்துவிடலாம். ஒரு கோப்பை தக்காளி கெச்சப், கால் கோப்பை ஆப்பிள் சைடர் வினிகர், கால் கோப்பை பழுப்புச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி வொர்செஸ்டர்ஷயர் சாஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா ஆகியவற்றைச் சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிட்டால், கரண்டியின் பின்புறத்தில் படியும் பதத்துக்கு வந்துவிடும். புகைமணம் தரும் ‘லிக்விட் ஸ்மோக்’ என்னும் புகைச்சாறு கிடைத்தால் கால் தேக்கரண்டிக்கு மேல் சேர்க்க வேண்டாம். அளவு மிஞ்சினால் கசப்பு தட்டும். கடையில் வாங்கிய சாஸும் போதும்தான், ஆனால் அவை பெரும்பாலும் இனிப்பு மிகுந்தவை. ஒரு மேசைக்கரண்டி வினிகரைக் கலந்துகொண்டால் கொழுப்புள்ள இறைச்சிக்கு ஈடுகொடுக்கும்.

இனி வருவது அடுப்பின் வேலை. இறைச்சியின் மேற்புறம் பழுப்பேறி மணம் வீச வேண்டுமென்றால் அந்தப் பரப்பு உலர்ந்து, ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். நீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆகவே ஓவனின் கிரில்லை, அதாவது மேலிருந்து சூடு தரும் பகுதியை, முன்கூட்டியே மூட்டி, தட்டில் அலுமினியத் தாளை விரித்து வையுங்கள். அகலமான இரண்டு கரண்டிகளால் விலாவை அடியிலிருந்து தாங்கி எடுத்து, சதைப்பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் கிடத்த வேண்டும். இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் முறிந்துவிடும். பிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டு ஆவி அடங்கியதும், மேற்புறத்தைக் காகிதத் துண்டால் மெல்ல ஒற்றியெடுங்கள். சாஸை மெல்லிய பூச்சாகத் தடவி, கிரில்லிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, மூன்று நான்கு நிமிடத்தில் குமிழிகள் எழுந்து ஓரங்கள் கருமைகொள்ளத் தொடங்கும்போது வெளியே எடுத்து மீண்டும் தடவ வேண்டும். தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளே பளபளப்பாக ஒட்டும். அந்த நேரத்தில் வேறு வேலையைப் பார்க்கப் போகாதீர்கள். சர்க்கரை பொன்னிறத்திலிருந்து கரிக்கு மாற ஒரு நிமிடம்கூட வேண்டாம். கிரில் வசதி இல்லாத ஓவனில் 220 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். கரியடுப்பு இருந்தால் இன்னும் மேல், உண்மையான புகைமணமும் அதில்தான் கொஞ்சம் ஏறும். குக்கரின் பீங்கான் பானையை மட்டும் கிரில்லுக்கு அடியில் வைக்கவோ, சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரில் கழுவவோ கூடாது, விரிசல் விட்டுவிடும்.

பானையில் எஞ்சிய சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் அள்ளி நீக்கி, பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்தால், சாற்றில் இறங்கிய ஜெலட்டின் அதில் செறிந்திருக்கும். அதிலிருந்து சில கரண்டிகளைச் சாஸில் கலந்தால் கடைச் சாஸும் வீட்டுச் சாஸின் ஆழத்தைப் பெறும். உப்பைச் சுவைத்துப் பார்த்த பிறகே கலக்க வேண்டும், ஏனெனில் வற்றும்போது உப்பும் செறிகிறது.

பரிமாறுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, வரிசையைத் திருப்பிப் போட்டு, எலும்புகள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலிருந்து ஒவ்வோர் எலும்புக்கும் நடுவே கூரிய கத்தியால் வெட்டுங்கள். எஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் இருக்கும். அதை மீண்டும் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தக் கூடாது. அதன் மந்தமான சூடு இங்கே ஆபத்தாகிவிடும். எடுத்துவைத்த சாற்றில் இரண்டு கரண்டியைத் தெளித்து, அலுமினியத் தாளால் இறுக மூடி, 150 டிகிரி ஓவனில் உட்புறம் 74 டிகிரியை எட்டும்வரை வைத்தால் முதல்நாள் மென்மை பெரும்பாலும் திரும்பிவிடும்.