அறிவியல் சித்திர நாவல்: வசனத்துக்கு இடம் விடாமல் வரைந்தவர்கள் கவனத்துக்கு

அண்மையில் மூன்று புதியவர்கள் தங்கள் அறிவியல் புனைகதைச் சித்திர நாவல்களின் பக்கங்களைப் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். என் முதல் கதையில் நான் செய்த அதே பிழை மூன்றிலும் இருந்தது. அதையும், அதோடு வேறு சில பிழைகளையும் இங்கே சொல்கிறேன். கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

படம் முடிந்த பிறகு வசனத்தை ஒட்டுவது

என் கதை செவ்வாய்க் கோளில் நடப்பது. மொத்தம் 64 பக்கங்கள். ஓவியரிடம் கதைச்சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வசனத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 31 பக்கங்கள் வண்ணம் வரை முடிந்து வந்த பிறகுதான் எழுத்தைப் பொருத்த உட்கார்ந்தேன். "தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது" என்ற இரண்டே சொற்களை வசனப் பலூனுக்குள் வைத்ததும் கலத்தலைவியின் நெற்றி மறைந்துபோனது. 19 பக்கங்களை மீண்டும் வரைய வேண்டியிருந்தது. பிழை என்னுடையது என்பதால், ஓவியருக்கு இரண்டாம் முறையும் ஊதியம் கொடுத்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் ஒரே உயரமுள்ள பெரிய எழுத்துகளையே பயன்படுத்துவதால் வரிகளை நெருக்கி அடுக்க முடிகிறது. தமிழில் 'கீ'யின் மேல்விலங்கு உயரே எழும், 'சு'வின் கால் கீழே இறங்கும்; வரிகளை நெருக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். எழுத்தைச் சிறிதாக்கினாலோ, அச்சில் சுழிகள் மையால் அடைபட்டு ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். ஜப்பானிய காமிக்ஸான மங்கா பார்த்துப் பழகியவர்கள் ஒடுக்கமான, உயரமான பலூன்களை வரைகிறார்கள். ஜப்பானிய மொழியை மேலிருந்து கீழாக எழுதுவதால் அங்கே அவ்வடிவம் பொருந்துகிறது. நீண்ட சொற்களைக் கொண்ட தமிழுக்கு அகலமே தேவை. சிவகாசியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு காமிக்ஸில், வேற்று மொழிக்கென வரைந்த பலூன்களுக்குள் தமிழைத் திணிப்பதைத் தவிர பதிப்பாளர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அவற்றைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த நெரிசல் இயல்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். சொந்தப் படைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே, வசனத்தை முழுவதும் எழுதி முடியுங்கள். பென்சில் முன்வரைவிலேயே அச்சுக்குரிய எழுத்துருவில், அச்சுக்குரிய அளவில் அதை வைத்து, தாளில் எடுத்துக் கையில் பிடித்துப் படியுங்கள். ஒரு படக்கட்டத்துக்குள் வசனம் 20 சொற்களைத் தாண்டினால் நான் இப்போது வெட்டிவிடுகிறேன்.

அறிவியல் கதையில் இந்த வெட்டு கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் எதையாவது விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை நம்மை விடாது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி சென்றுசேர, கோள்களின் இடைவெளியைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். இதை ஒரு பொறியாளர் விளக்குவதாக நான் எழுதிய பலூன் பாதிக் கட்டத்தை விழுங்கியது. திருத்தி வரைந்தபோது, கலத்தலைவி கேள்வி கேட்கிறாள். அடுத்த மூன்று கட்டங்களில் அவள் அசையாமல் அமர்ந்திருக்க, கோப்பையிலிருந்து எழும் ஆவி மட்டும் குறைந்துகொண்டே போகிறது. நான்காவதில் பதில் வருகிறது. விளக்கத்துக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

கதையின் உலகத்தைக் கட்டிக்கொண்டே இருப்பது

மூன்று ஆண்டுகளாகத் தன் கோளின் வரைபடத்தைத் திருத்திவரும் நண்பர், கதாநாயகிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

அதிர்ச்சியை வலப்பக்கத்தில் வைப்பது

தாளைத் திருப்பியதும் கண்ணில் படும் இடப்பக்கத்தில் வையுங்கள்.

திரையை நம்பி வண்ணம் தீட்டுவது

செவ்வாயில் பகல் வானம் செம்பழுப்பாகவும், மறையும் சூரியனைச் சுற்றிய பகுதி நீலமாகவும் இருக்கும். அதைச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு நாங்கள் தீட்டிய ஒளிரும் நீலம், நான்கு மைகளில் அச்சானபோது சாம்பல் படிந்து வந்தது. ஒரு பக்கத்தையாவது முன்கூட்டியே அச்சிட்டுப் பாருங்கள்.

பக்க எண்ணிக்கையைக் கதையிடம் விடுவது

அச்சகங்களில் பெரும்பாலும் 16 பக்கங்கள் கொண்ட ஃபாரமாகவே (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதி) கணக்கிடுவார்கள். கதை 67 பக்கங்களில் முடிந்தால் 13 பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும், அல்லது 3 பக்கங்களைக் கிழித்தெறிய வேண்டிவரும். ஓவியரிடம் பேசுவதற்கு முன்பே அச்சகத்தாரிடம் பேசிவிடுங்கள்.