மன்னிக்க மனசு வராதபோது என்ன செய்வது?

பரமண்டல ஜெபத்தில் கடனாளிகளை மன்னிக்கிற அந்த வரி வரும்போது மட்டும் வாய் நின்றுவிடுகிறதா? எனக்குப் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள், எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் கோரி டென் பூம் வாழ்க்கையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

நெதர்லாந்தில் ஹார்லெம் நகரத்தில் அப்பாவோடு வாட்ச் ரிப்பேர் கடை பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பெண் அவர். கடை, ஜெபம், வேத வாசிப்பு, இதுதான் அவர்கள் வீடு. நாஜிகள் யூதர்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது, கதவைத் தட்டியவர்களை உள்ளே விட்டார்கள், கோரியின் படுக்கையறையில் ஒரு போலிச் சுவர் எழுப்பி அதன் பின்னால் ஒளிய இடம் செய்தார்கள். ஒருவன் காட்டிக்கொடுத்தான். 1944 பிப்ரவரி 28-இல் குடும்பமே கைதானது. சுவருக்குப் பின்னால் இருந்த 6 பேர் மட்டும் சிக்கவில்லை. 84 வயது அப்பா பத்தே நாளில் காவலிலேயே இறந்தார், கோரியையும் அக்கா பெட்சியையும் ஜெர்மனியில் ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், அந்த டிசம்பரில் பெட்சி அங்கேயே இறந்தார்.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

முதல் வேலை, நடந்ததை நடந்தபடி சொல்வது. "பரவாயில்லை, விடுங்க" என்பது மன்னிப்பு இல்லை; பரவாயில்லை என்றால் அப்புறம் மன்னிக்க என்ன இருக்கிறது? ஒரு தாளில் எழுதுங்கள், யார், என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன போயிற்று என்று. கர்த்தருக்கு முன்னால் அதை மழுப்பாமல் வாசியுங்கள், அழுகை வந்தால் வரட்டும்.

அடுத்தது, மனசு இளகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1947-இல் கோரி ஜெர்மனியில் மியூனிக் நகரத்து சபை ஒன்றில் தேவனுடைய மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், கோட்டு போட்ட ஒரு ஆள் எதிரே வந்து நின்றார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ராவன்ஸ்புரூக்கில் காவலாளியாக இருந்தவர். தான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, நீங்களும் என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டுக் கையை நீட்டினார். அதுவரை மன்னிப்பைப் பற்றிப் பேசிய கோரியோ அந்தக் கையைப் பிடிக்க முடியாமல் தன் கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றார். உள்ளே அன்பு ஒரு துளிகூட இல்லை. கையை மட்டும் என்னால் நீட்ட முடியும், உணர்வை நீர்தான் கொடுக்கவேண்டும் என்று மனசுக்குள் ஜெபித்து, மரக்கட்டை போலக் கையை நீட்டினார். பிடித்த பிறகுதான் அன்பு வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நீங்களும் உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்றைச் செய்யுங்கள், அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம் போதும், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் சரி.

மன்னித்தால் போலீஸ், கோர்ட் என்று போகக்கூடாது என்பார்கள், அதை நம்பாதீர்கள். காட்டிக்கொடுத்தவனுக்கு 1945-லேயே மன்னித்துவிட்டதாகக் கோரி கடிதம் எழுதினார், அவன் மேல் வழக்கும் நடந்தது. உங்களை அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பதும் மன்னிப்பு இல்லை, முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். அடுத்தவர் கணக்கில் நீங்கள் மன்னிக்கவும் முடியாது, நமக்குச் செய்ததை மட்டும்தான் நாம் மன்னிக்க முடியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இன்னும் மன்னிக்கவில்லையா என்று தயவுசெய்து கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிட்டாரா என்று பாருங்கள். போருக்குப் பின் நெதர்லாந்தில் புளூமென்டால் என்ற ஊரில் கோரி நடத்திய இல்லத்தில் முகாமிலிருந்து வந்தவர்களுக்குச் சோறும் தோட்டமும் அவகாசமும் கிடைத்தன.

அப்புறம், மன்னித்தாயிற்று என்று நினைத்த பிறகும் ராத்திரி மூன்று மணிக்கு அந்தக் கோபம் எழுப்பும். கோரிக்கும் வந்தது, வேறொரு விஷயத்தில், சக விசுவாசிகள் மேலேயே. அப்போது ஒரு போதகர் அவருக்குக் கோயில் மணியைக் காட்டிச் சொன்னார்: கயிற்றை விட்ட பிறகும் மணி கொஞ்ச நேரம் அடிக்கும், வரவரக் குறைந்து நின்றுவிடும். அதனால் கோபம் வந்ததும் "நான் மன்னிக்கவே இல்லை போல" என்று பயந்து எழுந்து உட்கார்ந்து பழையதையெல்லாம் கிளறாதீர்கள். கயிற்றைப் பிடிக்காமல், அதே ஒரு வரி ஜெபத்தை இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.