பட்ஜெட் அனலிஸ்ட் வேலைக்கு என்ன சம்பளம்: கையெழுத்திடும் முன் கணக்கிட்டுப் பார்க்கும் முறை

வடசென்னையின் காலடிப்பேட்டையைச் சேர்ந்த ஒரு தங்கை, பி.காம். முடித்துச் செலவுக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்விலும் தேறியவள், தனக்கு வந்த ஆஃபர் லெட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தண்டையார்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் பக்கத்தில் ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. “அக்கா, மாசம் ஐம்பதாயிரம் வரும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்” என்றாள். மூன்றாம் பக்கத்தில் இருந்த சிறிய அட்டவணையை அவள் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. இருவரும் ஒரு தாளில் வரிவரியாக எழுதிக் கழித்துப் பார்த்தபோது, மாதம் கையில் வரும் தொகை 36,792 ரூபாய் என்று நின்றது. பிறர் பணத்தைக் கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர் தம்முடைய சம்பளத்தைக் கணக்கிடாமல் கையெழுத்திடக் கூடாது என்ற எண்ணத்தில்தான், அன்று அவளுக்குச் சொன்னதையும் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை இன்னதென்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு பிரிவும் அடுத்த ஆண்டுக்குக் கேட்கும் தொகையைத் தொகுப்பதும், அது நியாயமானதா என்று பழைய கணக்கோடு ஒப்பிட்டுச் சோதிப்பதும், ஆண்டு தொடங்கிய பிறகு திட்டத்துக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதந்தோறும் கண்டுபிடித்து அதற்கான காரணத்தை எழுதித் தருவதும் பட்ஜெட் அனலிஸ்டின் பணி. ஆனால் நம் ஊரில் இதே பெயரில் வரும் விளம்பரங்கள் குறைவு. ஃபைனான்ஸ் அனலிஸ்ட், எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கான தகவல் அறிக்கை) எக்ஸிகியூட்டிவ், காஸ்ட் அக்கவுண்டன்ட், எஃப்.பி. அண்டு ஏ. (நிதித் திட்டமிடலும் பகுப்பாய்வும்) அனலிஸ்ட் என்ற பெயர்களில்தான் வேலை வரும். ஆகவே சம்பளத்தை விசாரிக்கும்போது பதவியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், செய்யப் போகும் வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்காகவே இருக்கும். அங்குள்ள தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023 மே மாத நிலவரப்படி பட்ஜெட் அனலிஸ்டுகளின் நடு அளவு ஆண்டு ஊதியம் 84,940 டாலர் என்று வெளியிட்டது. அதாவது அவர்களில் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறுகிறார்கள். அந்த வேலைகளில் பெரும்பகுதி அந்நாட்டின் அரசுத் துறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருப்பவை. அதை ரூபாயில் பெருக்கி மனத்தில் வைத்துக்கொண்டு மணலியில் நேர்காணலுக்குச் சென்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆறு லட்சம் எங்கே போகிறது

அந்த ஆஃபர் லெட்டரின் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் கையில் உள்ள தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆறு லட்சம் என்பது நிறுவனம் உங்களுக்காக ஆண்டு முழுவதும் செய்யும் மொத்தச் செலவு, அதைத்தான் சி.டி.சி. என்கிறார்கள். அதில் 60,000 ரூபாய் செயல்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் தரப்படுவது. அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. அதில் 12 சதவீதம், அதாவது 3,000 ரூபாய், நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதியில் செலுத்துவதால் ஆண்டுக்கு 36,000 அங்கே போகிறது. பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று 14,430 ரூபாயும், குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 9,570 ரூபாயும் எழுதியிருந்தார்கள். இந்த நான்கையும் கூட்டினால் 1,20,000. மீதி 4,80,000 என்பது மாதம் 40,000. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி 3,000 ரூபாயும், சென்னை மாநகராட்சி அரையாண்டுக்கு ஒரு முறை 1,250 ரூபாய் வாங்கும் தொழில் வரியில் மாதப் பங்கான 208 ரூபாயும் கழிந்தால் 36,792 ஆகிறது. புதிய வருமான வரி முறையில், 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி, சம்பளக்காரருக்கு 12,75,000 ரூபாய் வரை வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பிடித்தம் இங்கே வரவில்லை.

இதில் எந்த வரியும் மோசடி அல்ல. வைப்பு நிதி உங்கள் பணமே. ஆனால் பணிக்கொடை, நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்குப் பிறகே கைக்கு வரும். இரண்டு ஆண்டில் வேறு இடம் தேடுகிறவருக்கு அந்த 14,430 ஒரு எழுத்து மட்டுமே. சில நிறுவனங்கள் வைப்பு நிதியை 15,000 ரூபாய் என்ற சட்ட வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 என்று நிறுத்திக்கொள்ளும். கையில் வருவது கூடும், சேமிப்பு குறையும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, படிகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்பதால், அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவாகக் காட்டப்பட்ட பழைய வடிவத் தாள் உங்களுக்கு வந்தால் அதைப் பற்றி மனிதவளப் பிரிவில் கேட்பது நியாயமான கேள்வி.

செயல்திறன் தொகையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் முதல் வேலையில் ஆண்டுக்கு 48,000 ரூபாய் அவ்வாறு ஒதுக்கப்பட்டிருந்தது. பதினோரு மாதம் உழைத்துவிட்டுப் பிப்ரவரியில் வேறு இடத்துக்கு மாறினேன். தொகை வழங்கப்படும் நாளில் பணியில் இருப்பவருக்கு மட்டுமே அது உண்டு என்று உடன்படிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்ததை அன்றுதான் படித்தேன். ஒரு ரூபாய் கூட வரவில்லை. ஆகவே ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்று எழுதியிருந்தால் கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், எந்த மாதம் கொடுக்கிறார்கள், இடையில் விலகினால் விகிதப்படி கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எவருடைய பணத்துக்குக் கணக்கு எழுதுகிறோம்

சம்பளத்தை முடிவு செய்வதில் முதலாவது, வேலை தருகிறவர் யார் என்பதே. வடசென்னையில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., மணலியில் 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான சென்னை பெட்ரோலியம், துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையம், அசோக் லேலண்ட் என்று பெரும் பணம் புழங்கும் இடங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கின்றன.

ஐ.சி.எஃப். போன்ற ரயில்வே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நுழைய ஒரு வழி, ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு மூலம் கிடைக்கும் ஜூனியர் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் பதவி. 2017-இல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு இணைக்கப்பட்டாலும், மதிப்பீடு, ஆண்டின் நடுவே அதை மாற்றி எழுதும் திருத்திய மதிப்பீடு, செலவுக் கண்காணிப்பு ஆகிய வேலைகள் கணக்குப் பிரிவில் தொடரவே செய்கின்றன. ஏழாவது ஊதியக் குழுவின் ஐந்தாம் நிலையில் அதற்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். 2025 ஜூலை முதல் நடப்பில் வந்த 58 சதவீத அகவிலைப்படி 16,936. சென்னைக்கு 30 சதவீத வீட்டு வாடகைப்படி 8,760. அகவிலைப்படி சேர்ந்த போக்குவரத்துப் படி 5,688. கூட்டினால் 60,584. ஓய்வூதியத் திட்டப் பங்காக அடிப்படையிலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம், அதாவது சுமார் 4,614 ரூபாய், கழியும். குடியிருப்பு கொடுத்தால் வாடகைப்படி நின்றுவிடும் என்பதையும், பெரம்பூரிலேயே பணியிடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். எட்டாவது ஊதியக் குழுவும் அமைக்கப்பட்டிருப்பதால் இந்த எண்கள் மாறும்; கணக்கிடும் முறையே முக்கியம்.

பொதுத்துறை நிறுவன அதிகாரிகளுக்கு அகவிலைப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. அதற்கு மேல் லாபத்தைச் சார்ந்த செயல்திறன் ஊதியமும் உண்டு. சுத்திகரிப்பு ஆலையில் அந்த லாபம் கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும்.

இந்தப் பகுதியில் கட்டாயம் பார்க்க வேண்டியது இன்னொன்று. தொழிற்சாலையின் வாசலுக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர்களில் பலர் அந்தத் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். நேர்காணல் நடந்த இடத்தையும் மேசைக்கு எதிரே இருந்தவரையும் நம்பிவிடாமல், கடிதத்தின் தலைப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே எக்ஸெல் தாளில் வேலை செய்யும் இருவருக்குச் சம்பளம் பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே காரணமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தொகுப்பவரும் விளக்குபவரும்

ஒரே நிறுவனத்திற்குள் சம்பளத்தைப் பிரிப்பது, எண்ணைத் தொகுப்பவரா அல்லது எண்ணுக்குக் காரணம் சொல்பவரா என்பதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மணலியிலும் எண்ணூரிலும் வெள்ளம் புகுந்தபோது நான் பணியாற்றிய ஆலையின் அந்த மாதச் செலவு, திட்டத்தைப் பல மடங்கு தாண்டியது. வாடகைக்கு எடுத்த பம்புகள், ஜெனரேட்டர் டீசல், நனைந்த மோட்டார்களைப் பிரித்துச் சுற்றிய கூலி, தொழிலாளர்களின் கூடுதல் நேரப்படி என்று எல்லாம் ‘பராமரிப்பு’ என்ற ஒரே வரியில் வந்து விழுந்திருந்தன. எங்களோடு இருந்த ஓர் இளைஞர் ஒவ்வொரு பில்லையும் எடுத்து மூன்று நிறத்தில் குறித்தார்: காப்பீட்டில் திரும்பக் கேட்கக்கூடியது, இந்த ஒரு முறை மட்டும் வந்தது, எப்படியும் மார்ச்சுக்குள் செய்திருக்க வேண்டிய பழுது. அந்தத் தாளை வைத்துத்தான் திருத்திய மதிப்பீடு எழுதப்பட்டது. அடுத்த ஏப்ரலில் எங்கள் பிரிவில் அதிக உயர்வு அவருக்குத்தான் கிடைத்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். நேர்காணலில் ‘எக்ஸெல் நன்றாகத் தெரியும்’ என்பதைவிட, இவ்வாறு ஒரு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டிய அனுபவத்தைச் சொன்னால் கேட்கும் தொகைக்கு ஆதாரம் கிடைக்கும். மாணவர்கள் சென்னை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிடும் பட்ஜெட்டில் ஒரு துறையை எடுத்துக்கொண்டு, மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிப் பழகலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, பி.காம். மட்டும் முடித்தவருக்கும் செலவுக் கணக்காளர் இறுதித் தேர்வோ சி.ஏ.வோ முடித்தவருக்கும் இடையே தொடக்கத்திலேயே பெரிய இடைவெளி உண்டு. இடைநிலையில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், இறுதித் தேர்வு முடிந்தால் சம்பளம் திருத்தப்படுமா என்று சேரும்போதே கேட்டு வைக்க வேண்டும். எஸ்.ஏ.பி., பவர் பி.ஐ. ஆகிய மென்பொருள்கள் தெரிந்தால் நல்லது; அவை மட்டும் சம்பளத்தை உயர்த்தாது.

பயணத்தையும் கணக்கில் எழுதுங்கள்

நம் பக்கத்துப் பிள்ளைகள் பயண நேரத்துக்குப் பூஜ்யம் என்று விலை வைக்கிறார்கள் என்பது என் மனக்குறை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு கிண்டிக்கும் ஆலந்தூருக்கும் ஒரே வண்டியில் போகலாம் என்பது பெரிய மாற்றம். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அந்த வசதி எங்களுக்கு இல்லை. அந்தச் சாலையில் உள்ள துரைப்பாக்கத்துக்கு இரண்டு ஆண்டு சென்று வந்தவள் நான். ஒரு வழிக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும். மாதம் 22 நாளுக்கு 99 மணி நேரம். அலுவலகத்தில் ஒன்பது மணி வீதம் 198 மணி நேரம் என்றால், 36,792 ரூபாய் மணிக்கு 186 ரூபாயாகத் தெரியும். பயணத்தையும் கூட்டினால் 124 ரூபாயாகிவிடும். நாற்பது நிமிடத்தில் சென்றுவிடக்கூடிய மணலி வேலையில் கையில் 33,000 வந்தாலும் மணிக்கு 145 ரூபாய் ஆகிறது. மிச்சமாகும் நேரத்தில் இறுதித் தேர்வுக்குப் படிக்க முடியும் என்பதை எந்த எண்ணில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கேட்க வேண்டிய நேரம், கடிதம் வந்த பிறகும் ஏற்றுக்கொள்ளும் முன்பும் உள்ள இரண்டு மூன்று நாட்கள். பட்ஜெட் வேலையின் உச்சம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்பதால் அந்த மாதங்களில் ஆள் தேடும் நிறுவனத்துக்கு அவசரம் அதிகம். ‘கொஞ்சம் கூட்டித் தாருங்கள்’ என்று கேட்காமல், எந்த வரியில் எவ்வளவு மாற வேண்டும் என்று கேளுங்கள். மொத்தத்தைக் கூட்ட முடியாது என்பவர்களால்கூட அதற்குள் இடம் மாற்றித் தர முடியும்.

அந்தத் தங்கை கேட்டது அதைத்தான். செயல்திறன் தொகையில் பாதியை, அதாவது 30,000 ரூபாயை, மாதப் படியாக மாற்றித் தரும்படி நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. சேர்ந்த பிறகு முதல் சம்பளச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். கடைசி வரியில் 39,500 என்று இருந்தது. கீழே, “இதுல தொழில் வரி இன்னும் பிடிக்கல அக்கா, செப்டம்பர்ல 1,250 மொத்தமா போகும், எழுதி வச்சிருக்கேன்” என்று குறித்திருந்தாள்.