நியூமோனியா கிருமிட புரதம் என்னதான் செய்யுது? கொப்பியில கீறிப் பாப்பம்

அக்காட மகள் ஏ எல் பயோ படிக்குது. போன கிழமை உப்புவெளியில இருந்து வந்து, "மாமா, நியூமோனியா பக்டீரியாவால வாறது எண்டு தெரியும், ஆனா அது உள்ள போய் என்ன செய்யுது?" எண்டு கேட்டுது. நோட்ஸ மூடிப்போட்டுப் படம் கீறினம். நீங்களும் கொப்பி, நீலப் பேனை, சிவப்புப் பேனை எடுங்கோ.

படி 1: நுரையீரல்ல ஒரு காத்துப்பை, பெரிய வட்டம் போதும். உள்ளுக்க ரெண்டு ரெண்டா ஒட்டின உருண்டையள், அதுதான் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் நியூமோனியே. கனபேற்ற மூக்குக்குள்ள இது சும்மாவும் கிடக்கும்.

படி 2: சோடியைச் சுத்தி நீலத்தில தடிப்பா உறை. வெண்குருதிக் கலம் விழுங்க வந்தா வழுக்கிவிடும். கவனம், இது புரதமில்ல, சீனிச் சங்கிலி, கனபேர் பிழை விடுற இடம். 1928ல கிரிபித் எண்ட ஆய்வாளர் உறை இல்லாத கிருமியை எலிக்கு ஏத்தினவர், எலி சாகேல்ல.

படி 3: இப்ப சிவப்பு, புரதங்களுக்கு. உறைக்கு வெளிய நீட்டுற கோடு பிஎஸ்பிஏ எண்ட புரதம், கிருமிக்கு அடையாளம் குத்துற எங்கட கொம்ப்ளிமென்ட் புரதத்தை ஒட்ட விடாது. இன்னொரு கோடு நியூராமினிடேஸ் எண்ட நொதியம், எங்கட சளியில இருக்கிற சயலிக் அமிலம் எண்ட சீனியை வெட்டும், வெட்டினதைக் கிருமி சாப்பாடாவும் எடுக்கும்.

படி 4: எனக்குப் பிடிச்ச இடம். கிருமிக்கு உள்ளுக்க சிவப்புப் புள்ளியள் வையுங்கோ, நியூமொலைசின். இந்த நஞ்சு பெரும்பாலும் கிருமி செத்தாத்தான் வெளிய வரும், லைட்ஏ எண்ட நொதியம் தன்ட சுவரைத் தானே அறுக்க கிருமி வெடிச்சு எல்லாம் கொட்டுண்ணும், பிறகு அந்த நஞ்சு எங்கட கலமென்சவ்வில கொலஸ்ட்ரோலைப் பிடிச்சு, ஒண்டோட ஒண்டு கைகோத்து வட்டமாகி (இலத்திரன் நுணுக்குக்காட்டியில பாத்த வட்டமொண்டில 42 துண்டு இருந்துது) எல்லாம் சேந்து ஓட்டை போடும். காத்துப்பைக்குள்ள நீர் கசியும், காத்து இருக்கவேண்டிய இடத்தில தண்ணி, பிறகெங்க மூச்சு.

படி 5: ஒவ்வொரு புரதத்தையும் விரலால மறைச்சு "இது இல்லாட்டி?" எண்டு கேளுங்கோ. ஆய்வுகூடத்திலயும் அந்தப் பரம்பரையலகை எடுத்துப்போட்டு எலிக்குக் குடுத்துத்தான் பாக்கிறவை. நியூமொலைசின் இல்லாத கிருமிட வேகம் குறைஞ்சுது, முழுசா நிக்கேல்ல, அதால ஒண்டில மட்டும் பழியைப் போடேலாது.

பிள்ளை லைட்ஏய மறைச்சுக்கொண்டு, "பெனிசிலினும் சுவரை உடைச்சுத்தானே கொல்லுது, அப்பவும் நஞ்சு கொட்டாதா?" எண்டுது. ஓம், கொட்டும், பெனிசிலின் சுவர் கட்டுறதைத்தான் தடுக்கும், உடைக்கிறது பெரும்பாலும் லைட்ஏதான். அதுக்காக மருந்தை நிப்பாட்டிப்போடாதேங்கோ, விட்டா கிருமி பெருகிப் பெருகி அதைவிடக் கூடக் கொட்டும்.