ஓய்வூதியப் பணம் எந்தச் சாலையில் கிடக்கிறது? என்பிஎஸ் சந்தாதாரர் பார்த்தறியும் முறை

என்பிஎஸ் எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்காகச் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் தொகை வங்கி வைப்பைப் போல ஓரிடத்தில் கிடப்பதில்லை. அதில் ஒரு பங்கு மின்தொடர் பாதைகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் கடனாகவோ முதலாகவோ போய்விடுகிறது. பழைய ஓய்வூதியமா, புதியதா என்று வாதிடத் தொடங்குமுன், அந்தப் பங்கு எவ்வளவு, அதில் நட்டம் வந்தால் தாங்க வேண்டியவர் யார் என்ற இரண்டையும் சந்தாதாரர் தாமே கண்டறிந்துகொள்வது நல்லது.

முதலில், எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், முப்படையினர் நீங்கலாக, தேசியத் திட்டத்துக்குள் வந்தார்கள். 2009 மே மாதம் முதல் அது எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழக அரசு 2003 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைத் தேசியத் திட்டத்தோடு இணைக்காமல் தனியாகவே நடத்தியது. ஆகவே அதில் சேர்ந்த மாநில அரசு ஊழியர்களுக்குக் கீழே சொல்லும் வழி பொருந்தாது.

அடுத்து, பிரான் எனப்படும் உங்கள் நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண்ணைக் கொண்டு, சந்தாதாரர் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவேட்டு முகமையின் தளத்தில் நுழைந்து கணக்கு அறிக்கையை எடுங்கள். பணத்தை நிர்வகிக்கும் ஓய்வூதிய நிதி நிறுவனம் எது, பங்குகள், நிறுவனக் கடன்பத்திரங்கள், அரசுப் பத்திரங்கள் ஆகிய பிரிவுகளில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியும். பிறகு அந்த நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று, மாதந்தோறும் அது வெளியிடும் முதலீட்டுப் பட்டியலைத் திறக்க வேண்டும். பலரும் அறிக்கையில் உள்ள வருவாய் விழுக்காட்டைப் பார்த்தவுடன் நின்றுவிடுகிறார்கள். பட்டியல்வரை போகிறவர்கள் குறைவு.

பட்டியலில் ‘உள்கட்டமைப்பு’ என்ற சொல்லை மட்டும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், மின்துறைக்குக் கடன் தரும் ஆர்இசி, இந்திய ரயில்வே நிதிக் கழகம் போன்றவை நிதி நிறுவனங்கள் என்ற தலைப்பின்கீழ் இருக்கக்கூடும். ஆனால் அவை திரட்டும் பணம் மின்துறைக்கும் ரயில்வேக்கும்தான் போகிறது. தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம், மின்தொடர் நிறுவனமான பவர் கிரிட், மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி ஆகியவற்றின் பத்திரங்களையும், பலரிடம் பணம் திரட்டிச் சாலை, மின்பாதை போன்ற சொத்துகளை வைத்திருக்கும், இன்விட் எனப்படும் உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகளையும் இவற்றோடு சேர்த்துக் கூட்டுங்கள். வரும் தொகைதான் உங்கள் உண்மையான உள்கட்டமைப்புப் பங்கு.

பெயர்களைக் குறித்துக்கொண்ட பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், இந்தப் பணத்தைத் திருப்பித் தரப்போவது யாருடைய கைக்காசு என்று எழுதுங்கள். இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மின்தொடர் பாதைக்கான கட்டணம் பெரும்பாலும் பாதை இயங்கும் நிலையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதன்வழி எவ்வளவு மின்சாரம் பாய்ந்தது என்பதைப் பொறுத்ததன்று. சுங்கச் சாலையின் வருமானமோ வண்டிகளின் எண்ணிக்கையை நம்பியிருக்கிறது. கட்டி முடியாத திட்டத்துக்கு வருமானமே இல்லை. நிலம் கையகப்படுத்துவதில் இரண்டாண்டு தாமதமானால் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பொதுமக்களுக்கு வெளியிடப்படும் இன்விட்கள் தம் சொத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கட்டி முடிந்து வருமானம் தரும் சொத்துகளில் வைத்திருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்திருப்பது இதனால்தான்.

கடனைத் திருப்பும் திறனுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கும் தரமதிப்பீட்டு எழுத்துகளை மட்டும் நம்பி இந்தக் கேள்வியைத் தாண்டிவிடக் கூடாது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி அளித்த ஐஎல் அண்டு எஃப்எஸ் குழுமம் 2018 ஆகஸ்ட் வரை உச்சத் தரத்தில் இருந்தது. செப்டம்பருக்குள் அது கடனைத் திருப்ப முடியாத நிறுவனத்துக்குரிய ‘டி’ தரத்துக்கு வீழ்ந்தது. சுரங்கப் பாதை முதல் கடலூர் மாவட்டத்து அனல்மின் நிலையம் வரை நீண்டகாலத் திட்டங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, குறுகியகாலக் கடன்களால் அதைச் சமாளித்ததுதான் முக்கியமான கோளாறு. பல வருங்கால வைப்பு நிதிகளும் ஓய்வூதிய நிதிகளும் அதன் பத்திரங்களை வைத்திருந்தன.

வெளிநாட்டு நிதிகளைப் பார்த்துப் பழகச் சொல்பவர்கள் இரண்டு பக்கங்களையும் காட்ட வேண்டும். கனடா ஓய்வூதியத் திட்ட முதலீட்டு வாரியமும் ஒன்டாரியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டமும் 2021-இல் நம் நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் இன்விட்டில் ஆளுக்கு 25 விழுக்காடு வாங்கின. அந்த நாட்டு ஆசிரியரின் முதுமைக்கு நம் சுங்கச்சாவடி கொஞ்சம் படியளக்கிறது. அதே ஒன்டாரியோவின் நகராட்சி ஊழியர் நிதியான ஓமர்ஸ், கடனில் மூழ்கிய லண்டன் தேம்ஸ் வாட்டர் குடிநீர் நிறுவனத்தில் தான் வைத்திருந்த ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை 2024-இல் முழு நட்டமாக எழுதித் தள்ளியது. கட்டணத்தை ஒழுங்குமுறை அமைப்பு தீர்மானிக்கும் துறையில், நீண்டகால வருமானம் நிச்சயம் என்ற பேச்சுக்கு எல்லை உண்டு.

ஓமர்ஸ் போன்ற நிதியில் உறுப்பினருக்கு இவ்வளவு என்று உறுதியளித்த ஓய்வூதியம் இருப்பதால் அந்த நட்டம் முழு நிதிக்குள் பரவிவிடுகிறது. தேசியத் திட்டத்தில் அது நேரே உங்கள் கணக்கில் உள்ள முதலீட்டு அலகுகளின் மதிப்பில் இறங்கும். நம் ஓய்வூதியக் கொள்கை விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய ஓய்வூதியத்தில் சேமிப்பு நிதியே கிடையாது. ஓய்வூதியம் அந்தந்த ஆண்டு வரிப்பணத்திலிருந்து வருகிறது, ஆகவே சாலைக்குக் கொடுக்க அதில் எதுவும் இல்லை. ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பழைய முறைக்குத் திரும்ப முடிவெடுத்து, தேசியத் திட்டத்தில் அதுவரை சேர்ந்த தொகையைக் கேட்டபோது, அதை மாநில அரசுக்குத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு மறுத்தது.

மத்திய அரசு ஊழியர்களுக்காக 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இடைவழி ஒன்றைத் திறந்தது. 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு என்று அது உறுதி கூறுகிறது. ஆனால் முதலீட்டுப் பிரிவுகளை நீங்களே தேர்ந்தெடுத்து, ஓய்வின்போது உங்கள் தொகை அரசின் ஒப்பீட்டுத் தொகையைவிட, அதாவது அரசு வகுத்த இயல்பு முதலீட்டு முறையிலேயே விட்டிருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய தொகையைவிட, குறைந்திருந்தால், பற்றாக்குறையை நீங்கள் நிரப்ப வேண்டும். இல்லையேல் ஓய்வூதியம் அதே விகிதத்தில் குறையும். விருப்பப் படிவத்தில் கையெழுத்திடுமுன் இந்த விதியை இரண்டு முறை படியுங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் மாற்றம் தேவையென்று தோன்றினால், தாமே பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கும் சந்தாதாரர் ஓராண்டில் நான்கு முறை வரை முதலீட்டு விகிதத்தையும், ஒருமுறை நிதி நிறுவனத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பணி ஓய்வுக்கு மூன்று நான்கு ஆண்டே இருக்கிறவர் பட்டியலில் சுங்கச் சாலைகளும் கட்டுமானத்தில் இருக்கும் திட்டங்களும் மிகுந்திருக்கக் கண்டால் அரசுப் பத்திரங்களின் பங்கைக் கூட்டிவிடலாம். முப்பது வயதுக்காரர் அதே பட்டியலைக் கண்டு கலங்க வேண்டியதில்லை, அடுத்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படியை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.