பங்கு கைக்கு வருமுன் பிள்ளைகளைப் பழக்கிய விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமும் ஒரு கடைவீடும் குடும்ப டிரஸ்டில் இருக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர் நான். மலேசியச் சட்டப்படி 18 வயதிலேயே ஆள் பெரியவர்தான், ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு 25 ஆன பிறகே பங்கு என்று அப்பா எழுதி வைத்தார். அண்ணன் மகனோ 22 வயதில், வரப்போகும் பணத்தை நம்பித் தவணையில் பெரிய கார் எடுக்கக் கிளம்பிவிட்டான்.

திட்டவில்லை. அவனையும் அவன் தங்கையையும் உட்கார வைத்து, டிரஸ்ட் பத்திரத்தை வரிவரியாகப் படித்தோம். அப்புறம் தோட்டக் கணக்கையே அவர்களிடம் கொடுத்தேன். குலை வெட்டும் நாளில் லாரியோடு போய் எடைச்சீட்டை வாங்கி, பழுக்காத காய்க்குலைக்கு வாங்குபவர்கள் எவ்வளவு கழித்தார்கள் என்று பார்த்து, வெட்டுக்கூலி, உரம், நிலவரி, கடைக்கு நகராண்மைக் கழக வரி எல்லாம் எழுதி, மிச்சம் என்ன என்று அவர்களே சொல்ல வேண்டும். "அத்தை, உரத்துக்கே இவ்வளவா?" என்று கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும்.

பத்திரம் இடம் கொடுப்பதால் மிச்சத்தில் சிறு பகுதியை இருவருக்கும் தனித்தனியாகத் தருகிறேன். சேமித்ததையும் செலவழித்ததையும் அடுத்த கணக்கில் காட்டியாக வேண்டும். கார் பேச்சு நின்றுவிட்டது. செம்பனைக்குச் சுமார் 25 வருடம்தான் நல்ல காலம், மறுநடவு செய்தால் மூன்று வருடம் போல வருமானம் இருக்காது. அதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று இப்போது அண்ணன் மகள்தான் கணக்குப் போடுகிறாள்.