தன்னார்வலர் மறுபடியும் வர வேண்டுமா? மலையில் இயங்கும் சிறிய அமைப்புகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நீலகிரியில் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்குபவருக்கு முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைப்பது சிரமமே இல்லை. நல்ல காரியம், நல்ல குளிர், போகிற வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். நாற்பது பேர் வந்து நிற்பார்கள். மூன்றாவது ஞாயிறன்று ஐந்து பேர் இருப்பார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை கிடையாது' என்று அலுத்துக்கொள்வது நமக்கு வசதி. ஆனால் அந்த முதல் ஞாயிறன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதிப் பேர் கையுறை வருமென்று காத்திருப்பார்கள். மீதிப் பேர் சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கட்டுமென்று காத்திருப்பார்கள். சம்பளம் வாங்குபவர் காத்திருப்பார். சும்மா வந்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

கீழே உள்ளவை, ஒன்றிரண்டு ஊழியர்களுடன் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகளுக்கானவை. காடு சார்ந்த வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மாலை நேரப் படிப்பு மையம், முதியோர் உதவி போன்றவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: ஆளைத் தேடும் முன் வேலையை எழுதுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அஞ்சலட்டை அளவுக்குக் குறிப்பு எழுதுங்கள். அந்த அட்டையில் அடங்காத வேலை இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். சீகை (ஆங்கிலத்தில் வாட்டில்) மரக்கன்று பிடுங்கும் வேலைக்கு அது இப்படி இருக்கலாம்:

"வேலை: புல்வெளியில் முளைத்துள்ள சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குவது. இடம்: பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவு. நேரம்: காலை 9 முதல் 12 வரை. தேவை: 12 பேர். முழங்கால் உயரத்துக்குக் கீழ் உள்ள கன்றுகள் மட்டும். கொண்டுவர வேண்டியவை: தண்ணீர், மழைக்கோட்டு, பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. கையுறை நாங்கள் தருவோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு: கன்றுகளை எண்ணிக் குவிக்கும் வேலை இருக்கிறது."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சரிவில் ஏற முடியாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவது அதுதான்.

இந்த வேலையை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து நடப்பட்ட சீகை, சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு முறை அகற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். ஒரே இடத்துக்கு ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப வர வேண்டிய வேலை இது, தன்னார்வலருக்கென்றே அமைந்தது. மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது கன்றின் அடித்தண்டைத் தரையோடு சேர்த்துப் பிடித்து, செங்குத்தாக மெல்ல இழுத்தால் ஆணிவேர் முழுதாக வந்துவிடும். நடுத்தண்டைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் கையோடு ஒடிந்துவிடும். வேர் உள்ளேயே தங்கிவிடும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு கன்றைப் பிடுங்கிக் காட்டுங்கள், மூன்றாவதை அவர்களே பிடுங்கட்டும்.

அனுமதி வாங்காமல் எதையும் தொடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் நுழையவே வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பட்டா நிலமாக இருந்தாலும் மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதிக் கடிதத்தின் நகல் வேலை நாளில் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டாதீர்கள். உண்ணிச்செடிப் புதரை வெட்டிச் சுத்தம் செய்வது பக்கத்து ஊர்க்காரர் நாலு பேருக்கு ஒரு வார வருமானமாக இருக்கலாம். நகரத்திலிருந்து வருபவர்கள் அதை இலவசமாகச் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால், அந்த ஊரில் உங்கள் அமைப்பை யாரும் நல்ல பெயரோடு நினைக்க மாட்டார்கள்.

படி 2: மலையின் நாட்காட்டியைப் பாருங்கள்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தை நனைத்தெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கலாம். அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வரும். மண்சரிந்து சாலை அடைபடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம், பஸ் நகராது. வறண்ட மாதங்களில் காட்டுத்தீ பயம் இருப்பதால் காட்டோரப் பணிகளுக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

இவையெல்லாம் வானிலைக் கணக்கு. மனிதர்களின் கணக்கு வேறு. பசுந்தேயிலை வரத்து அதிகமான மாதங்களில் சிறு விவசாயி வீட்டில் ஒருவரும் ஓய்வாக இருக்க மாட்டார்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவருக்கு ஞாயிறு ஒரு நாள்தான். துணி துவைக்க, சந்தைக்குப் போக எல்லாவற்றுக்கும் அதுதான். படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்தில் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. தேதி குறிக்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ சொந்த வண்டியில் வருபவர்கள் இருந்தால் வண்டிக்கு இணையத்தில் வாங்க வேண்டிய நுழைவு அனுமதியான இ-பாஸ் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்குத் தேவையில்லை.

படி 3: யாரை அழைப்பது, எப்படி அழைப்பது

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணிகளிலிருந்து தொடங்குங்கள். 1969இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். நேரம் அவர்களிடம் இருக்கிறது, உருப்படியான வேலை உங்களிடம் இருக்கிறது. திட்ட அலுவலரைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே போய்ப் பாருங்கள். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்.

மாணவர்கள் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். அது இயல்பு. ஆண்டு முழுவதும் உங்களோடு இருக்கப்போவது ஓய்வுபெற்றவர்கள், சிறு கடைக்காரர்கள், எஸ்டேட் இளைஞர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள். இவர்களை வாட்ஸ்அப் அறிவிப்பு அசைக்காது. நேரில் போய்க் கேட்க வேண்டும். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் ஊர்களுக்குப் பக்கத்தில் வேலை என்றால் முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். வேலையை வழிநடத்துபவரும் அந்த ஊர்க்காரராக இருந்தால் நல்லது. காட்டைப் பற்றி அவர்களுக்கே பாடம் நடத்தும் தன்னார்வலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் புன்னகையோடு கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அழைப்புச் செய்தியில் 'இயற்கையைக் காக்க அணிதிரள்வோம்' என்றெல்லாம் வேண்டாம். வேலை, இடம், நேரம், எத்தனை பேர், எந்த பஸ், எப்போது முடியும் என்பது போதும். முடியும் நேரத்தைச் சொல்லாத அழைப்பு பாதி அழைப்புதான்.

படி 4: பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு

பெயர் கொடுத்த ஒவ்வொருவரோடும் வேலை நாளுக்கு முன் ஒரு முறை பேசுங்கள். விண்ணப்பப் படிவம் செய்யாததை இது செய்யும்.

"வணக்கம் சார். எந்த மாதிரி வேலை உங்களுக்குப் பிடிக்கும்?"

"எது கொடுத்தாலும் செய்வேன்மா."

"சரிங்க சார். சரிவில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், முடியுமா?"

"ஆபரேஷன் செய்த முழங்கால்... அது கொஞ்சம் கஷ்டம்தான்."

எது கொடுத்தாலும் செய்வேன் என்பவரிடம் இன்னொரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவர் முழங்கால் விஷயம் சரிவில் நிற்கும்போதுதான் தெரியும். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு பழகும் வேலை என்றால் தொலைபேசிப் பேச்சு போதாது. நேரில் பாருங்கள், அடையாள அட்டை நகல் வாங்குங்கள், அவரை அறிந்த இருவரிடம் விசாரியுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை எழுதி ஒட்டுங்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. 'தெரிந்த குடும்பம்தானே' என்ற தாட்சண்யத்துக்கு இங்கே இடமே கொடுக்காதீர்கள்.

படி 5: வேலை நாள்

நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: பெயர், தொலைபேசி எண், திரும்பிப் போகும் பஸ். இந்த மூன்றாவது விவரத்தைச் சமவெளிக்காரர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள் காலைதான் என்கிற ஊர்களில் அதுதான் முக்கியம். கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே வேலையை முடித்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்தானே பாக்கி' என்று இழுக்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு விடுபவரிடம்தான் மக்கள் திரும்பி வருவார்கள்.

தொடக்கப் பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எதற்காக இந்த வேலை, எப்படிச் செய்வது, எது ஆபத்து. காட்டுமாடு தென்பட்டால் யாரும் படம் எடுக்க நெருங்கக் கூடாது, அது போகும்வரை வழிவிட்டு நிற்க வேண்டும். யானை, கரடி நடமாட்டம் இருக்கிறதா என்று அன்று காலையே வனத்துறையிடமோ ஊர்க்காரர்களிடமோ விசாரியுங்கள். இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடி இருக்கும், நீளக் காலுறை போடச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, 108ஐ அழைத்தால் வண்டி எந்த இடம்வரை வரும், அங்கே செல்போன் சிக்னல் உண்டா என்பதை முந்தைய நாளே பார்த்துவைத்திருக்க வேண்டும்.

புதியவரைப் பழையவரோடு ஜோடி சேருங்கள். நண்பர்கள் நால்வர் ஒன்றாக வந்தால் பிரித்துவிடுவது நல்லது, இல்லையென்றால் அரட்டைதான் நடக்கும். பத்தே முக்காலுக்கு டீயும் வர்க்கியும். டீயைக் காகிதக் கப்பில் கொடுத்துவிட்டுக் குப்பை பொறுக்கச் சொல்லாதீர்கள். எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் போங்கள். குடிநீர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதை வெளியூர்க்காரர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

கலையும்போது தலையை எண்ணுங்கள். காலையில் நோட்டில் இருந்த எண்ணிக்கை வர வேண்டும்.

படி 6: அன்று மாலையே ஒரு செய்தி

பிடுங்கிய கன்றுகள் எத்தனை, எவ்வளவு இடம் சுத்தமானது, அடுத்த வேலை எப்போது என்று மூன்று வரி. ஒரு படம் போதும், அதில் உங்கள் பேனர் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை. முதல் முறை வந்தவர்களுக்குப் பெயர் சொல்லித் தனியாக அனுப்புங்கள்.

பஸ் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 'சேவைக்கு வந்தவருக்குப் பணமா?' என்று செயற்குழுவில் யாராவது கேட்பார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயனிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணுக்கு அந்தத் தொகை பெரியது. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுத்த முறை வராமல் நின்றுவிடுவார். சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கொடுங்கள். வேண்டாம் என்பவர் உண்டியலில் போடட்டும். சான்றிதழ் கேட்கும் மாணவருக்கு அலையவிடாமல் ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

மூன்று முறை வந்தவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள்: கருவிப் பெட்டிச் சாவி, வருகை நோட்டு, டீ ஏற்பாடு. கொடுத்த பிறகு தலையிடாதீர்கள். டீயில் சர்க்கரை கூடினால் கூடட்டும்.

படி 7: சிக்கல் வரும்போது

வேலை செய்யாமல் மற்றவர்களை ஏவிக்கொண்டிருப்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். தனியாக அழைத்து, மரியாதையாக, அன்றைக்கே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அறிவிப்புக்கு ஒரு குழு, அரட்டைக்கு ஒரு குழு என்று பிரித்துவிட்டால் காலை வணக்கப் படங்களால் வரும் சண்டை குறையும்.

படி 8: எண்ணிக்கை

மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது அறிக்கைக்கு அழகு. உங்களுக்கு வேண்டியது வேறொரு எண்: முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தார்கள்? வருகை நோட்டிலிருந்து இதை எடுக்க அரை மணி நேரம் ஆகும். வராதவர்களில் நாலைந்து பேரைத் தொலைபேசியில் அழைத்து, "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "அன்றைக்கு என்ன சிரமமாக இருந்தது?" என்று கேளுங்கள். கழிப்பறை இல்லை, வேலை தொடங்கத் தாமதம், யாரும் பேசவில்லை என்று சரிசெய்யக்கூடிய பதில்களாகவே வரும். அவற்றை அந்த வேலையின் அட்டைக்குப் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.